நிமிஷக்கா

"போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று யாராவது கேட்டுவிட்டால், அக்கா முதலில் பேனாவைக் கீழே வைப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். துடைக்கமாட்டார், சும்மா கையில் வைத்துக்கொண்டு கேட்டவரையே பார்ப்பார். அப்புறம்தான் வாய் திறப்பார்.

"எந்த நேரம்?"

வந்தவர் முழிப்பார். "இல்ல மேடம், ஃப்ளைட்ல போறதுக்கு..."

"அதான் கேக்கறேன், எந்த நேரம்? வானத்துல பறக்கற நேரமா, நடுவுல உக்காந்து கொட்டாவி விடற நேரமா, இல்ல உங்க வீட்டைப் பூட்டறதுலேருந்து அவங்க வீட்டுக் கதவைத் தட்டற வரைக்குமா? மூணும் வேற வேற. எது வேணும்னு சொல்லுங்க."

வந்தவருக்கு வேண்டியது ஒரே ஒரு எண். "ஒரு இருபது மணி நேரம் ஆகும்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அக்காவிடம் அந்த 'ஒரு' கிடையாது. 'சுமார்' கிடையாது, 'கிட்டத்தட்ட' கிடையாது. பத்தொன்பது மணி நாற்பது நிமிடம் என்றால் பத்தொன்பது நாற்பதுதான். அதை இருபது ஆக்கச் சொன்னால், இல்லாத இருபது நிமிடத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்பார். இதனால்தான் வாடிக்கையாளர்கள் அவருக்கு நிமிஷக்கா என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். அவருக்கும் அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

முதல் மாடியில் ஒரே அறை. கீழே சாவி செய்யும் கடை; காலை முதல் மாலை வரை உலோகத்தை அராவும் சத்தம். அறையின் நடுவே மார்பு உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பயணச்சீட்டு அலுவலகம்: முதலாளிக்கு ஒரு மேசை, அக்காவுக்கு ஒரு மேசை. இந்தப் பக்கம் நான்: ஒரு முக்காலி, ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறேன். என் தொழிலில் "சிரிக்காதீங்க", "கண்ணை மூடாதீங்க" என்ற இரண்டு வாக்கியங்களுக்கு மேல் தேவைப்படாது. மீதி நேரமெல்லாம் ஒன்பது வருடமாக என் காதில் விழுந்துகொண்டிருப்பது அக்காவின் குரல்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி, உயரம். ஏ.சி. நேராக அவர் தலைக்கு மேல். அந்த ஏ.சி.க்கு அணைந்திருப்பது, உறைய வைப்பது என்று இரண்டே நிலைகள். அதனால் கணவரின் பழைய ஸ்வெட்டரைக் கையை மடித்துவிட்டுப் போட்டிருப்பார். கணவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். எங்கள் ஏ.சி.யைப் பார்க்க ஒருமுறை வந்தார்; பார்த்துவிட்டு, இது தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னது: "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் தம்பி. 'இதோ வந்துட்டேன்'னு ஒரு தடவை அவ சொல்லிக் கேட்டதில்ல. வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாக்கூட சொல்ல மாட்டா. 'இன்னும் படி ஏறணும், ரெண்டு நிமிஷம்'பா."

எனக்கும் பட்ட அனுபவம் உண்டு. அவசரமாக வந்த ஒருவரிடம் "ரெண்டு நிமிஷத்துல போட்டோ ரெடி சார்" என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஏழு நிமிஷம் ஆகும் சார். அந்த மிஷின் சூடாகவே மூணு நிமிஷம்." அந்த மனிதர் அடுத்த தெருவில் இருக்கும் கடைக்குப் போய்விட்டார். அன்றைக்குத் தடுப்பைக் கூரை வரைக்கும் உயர்த்த எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன்.

முதலாளி சண்டை பிடிக்கத் தெரியாத மனிதர். கோபம் வந்தால் நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது தேய்க்கிறார்.

"ஏம்மா, ஒரு நாள்ல போயிடலாம்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"ஒரு நாள் இல்லியே சார். ஒரு நாளும் ரெண்டு மணி பத்து நிமிஷமும்."

"அந்த ரெண்டு மணி பத்து நிமிஷத்தை அவங்க அங்க போய்த் தெரிஞ்சுக்கட்டும்மா!"

"அங்க போய்த் தெரிஞ்சுக்கிட்டா என்னைத் திட்டுவாங்க. அதுக்கு இங்கயே திட்டட்டும். எதிர்ல இருக்கேன், பதிலாவது சொல்லலாம்."

திட்டுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சுவரில் ஒரு பெரிய உலக வரைபடம் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "நேராப் போனா ஒரு சாண்தானே மேடம், இவன் ஏன் மேல ஏறிச் சுத்திப் போறான்? பெட்ரோலை வீணாக்கி நம்ம தலையில கட்டறதுக்கா?" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். அவர்களுக்காக அக்காவின் இழுப்பறையில் ஒரு காற்றுப் பந்து இருக்கிறது. கடற்கரையில் பிள்ளைகள் தட்டி விளையாடுவது. மேலே உலகம் அச்சிட்டிருக்கும். எங்கேயோ பொத்தல். எப்போது எடுத்தாலும் உலகம் சப்பிப்போய்க் கிடக்கும். அக்கா அதை வாயில் வைத்து ஊதுவார். கன்னம் உப்பும், கண் சிவக்கும், வரிசையில் நிற்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். முழுக்க ஊதாமல் அளக்கமாட்டார். "காத்து கொறைஞ்சா தூரமும் கொறைஞ்சிடும்" என்பார். பிறகு ஒரு நூலை எடுப்பார். அதில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒரு விமான நிலையத்தில் ஒரு நுனி, இன்னொன்றில் மறுநுனி. இறுக்கிப் பிடித்தால் நூல் தானாகவே வடக்குப் பக்கம் ஏறி வளைந்துகொள்ளும்.

"பாருங்க. நூல்தான் போகுது. நான் தள்ளல."

"அது பந்து மேடம்."

"பூமி மட்டும் பலகையா சார்?"

இன்னொரு ரகம் உண்டு. "காலைல ஏழு மணிக்குக் கெளம்பி ஏழு இருபதுக்குச் சேருதுன்னு போட்டிருக்கே. இருபது நிமிஷத்துக்கு எதுக்கு ரெண்டு வேளை சாப்பாடு குடுக்கறாங்க?" அவருக்கு ஊருக்கு ஊர் கடிகாரம் மாறுவதை விளக்கி முடிக்கும்போது அடுத்தவர் கேட்பார்: "போறதுக்குப் பதினாறு மணி, வர்றதுக்குப் பதினாலு. அதே ரோடுதானே?" எதிர்க்காற்று என்பார் அக்கா. "அப்ப காத்தடிக்காத நாளாப் பார்த்து ஒரு டிக்கெட் போடுங்க."

இப்படி உலகத்தையே அளந்து தருகிறவர் எத்தனை ஊருக்குப் போயிருப்பார் என்று தோன்றலாம். நானும் கேட்டிருக்கிறேன். "ரெண்டு தடவை. விமானக் கம்பெனிக்காரங்க ஓசியில கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு தடவையும் வாந்தி." அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை.

இவ்வளவு எரிச்சலையும் மூட்டுகிற ஒரு பெண்மணியைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்த சங்கதிக்காகத்தான்.

காலை பத்து இருபது இருக்கும். பக்கத்துத் தெரு மரச்சாமான் கடையில் பாலிஷ் போடுகிறவர் படியேறி ஓடிவந்தார். நாற்பது வயது. அதிகம் பேசாத ஆள். நகக்கண்ணெல்லாம் பழுப்பு. கையை அரைகுறையாகத் துடைத்திருந்தார். கறை படாமல் இருக்கப் பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓரத்தைப் பிடித்திருந்தார்.

"அம்மாவுக்கு வயித்துல ரத்தக்குழாய் வீங்கியிருக்காம். எந்த நேரமும் வெடிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். நான் இப்பவே போகணும்."

அவர் எத்தனை மணி நேரம் என்று கேட்கவில்லை. அந்த எண் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஊரில் இருக்கும் அண்ணன் எங்கோ இணையத்தில் பார்த்து அனுப்பியிருந்தார். கைபேசியை நீட்டினார். இந்த ஊர் விமான நிலையத்தின் பெயர், அந்த ஊர் விமான நிலையத்தின் பெயர், நடுவில் ஒரு வளைந்த கோடு. கீழே: தூரம் 13,106 கிலோமீட்டர். பயண நேரம் 15 மணி 5 நிமிடம்.

அந்த ஒரு வரியை நம்பி அங்கே என்னென்னவோ நடந்துவிட்டிருந்தது. அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே அப்போது சாயங்காலம். மறுநாள் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "சின்னவன் முகத்தைப் பார்க்காம உள்ள போக மாட்டேன்." அண்ணன் அந்தப் பதினைந்து மணி ஐந்து நிமிடத்தைக் கூட்டிப் பார்த்தார். தம்பி மதியம் ஒரு மணிக்கு இங்கே ஏறினால், நாளை அங்கே மதியம் பன்னிரண்டுக்கு இறங்கிவிடுவான், இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. அதை அம்மாவிடம் சொன்னார், டாக்டரிடமும் சொன்னார். டாக்டர் திட்டிக்கொண்டே ஆபரேஷனை மூன்று மணிக்குத் தள்ளிவைத்திருந்தார். ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து என்றும் சொல்லியிருந்தார்.

அக்கா கணினிப் பக்கம் திரும்பினார். பத்து நிமிடம் விசைப்பலகைச் சத்தம் மட்டும். பிறகு ஒரு தாளில் வரிசையாக எழுதி அவர் முன்னால் திருப்பி வைத்தார்.

"இன்னைக்கு ராத்திரி எட்டேகாலுக்குக் கெளம்புது. ஆறு மணி அம்பது நிமிஷம் பறக்கறது. ஏழு நாப்பது உக்கார்றது. ஏழு அம்பத்தஞ்சு பறக்கறது. மூணு அம்பது உக்கார்றது. கடைசியா ஒண்ணு நாப்பது பறக்கறது. மொத்தம் இருபத்தேழு மணி அம்பத்தஞ்சு நிமிஷம். அங்க வியாழக்கிழமை காலைல எட்டு பத்துக்கு எறங்கறீங்க. வெளிய வர நாப்பது நிமிஷம், ரோட்ல ஒரு மணி அம்பது. பத்து நாப்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல்."

"புதன்கிழமைதானே?"

"வியாழன்."

பாலிஷ்காரர் அந்தத் தாளைத் தொடவில்லை. "ஒரு மணிக்கு ஒண்ணும் இல்லியாக்கா? பதினஞ்சு மணி நேரம்னு இதுல..."

"அதுல இருக்கறது ஃப்ளைட் இல்ல. வகுத்தல் கணக்கு. தூரத்தை வேகத்தால வகுத்துப் போட்டிருக்கான். இந்த ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நேரா எதுவுமே பறக்கல, இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே. அந்தக் கணக்குப்படி போகணும்னா ஒரு விமானத்தை நாமதான் வாங்கி ஓட்டணும்."

இந்த வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம். அந்த மனிதரின் முகத்தைத் தடுப்புக்கு மேலாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அக்காவை ஓங்கி ஒரு அதட்டு அதட்டலாமா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் அழைப்பு வந்தது. பாலிஷ்காரர் எடுத்தார், இரண்டு வார்த்தை சொன்னார். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டார்.

"என்ன மேடம், வியாழக்கிழமைங்கறான்? நெட்லயே போட்டிருக்கு பதினஞ்சு மணி நேரம்னு!"

"எந்த ஃப்ளைட்னு போட்டிருக்கு சார்?"

"ஃப்ளைட் பேரெல்லாம் இல்ல. நேரம் போட்டிருக்கு."

"பேர் இல்லாத ஃப்ளைட்ல எப்படி சார் ஏத்தறது?"

"நீங்க சுத்துவழியாப் போட்டுக் காசு பார்க்கறீங்க."

அக்காவுக்கு மூக்கு விடைத்தது. "சார், நேர்வழி ஒண்ணு இருந்து நான் மறைச்சா, என்னை வந்து அடிங்க. அதுக்கும் உங்களுக்கு இருபத்தேழு மணி அம்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. நாளைக்கு மூணு மணி வரைக்கும் உங்க அம்மாவைக் காக்க வச்சீங்கன்னா, அது வராத ஆளுக்காகக் காக்க வைக்கறது."

அண்ணன் தணிந்த குரலில் பேசினார். "சரி. அப்ப ஒண்ணு பண்றோம். காலைல ஆறு மணிக்கே அம்மாகிட்ட, 'அவன் வந்துட்டான், கீழ ஃபார்ம் நிரப்பிட்டிருக்கான், நீ உள்ள போ'ன்னு சொல்லிடறோம். போயிடுவாங்க."

முதலாளி தன் மேசையிலிருந்தே வேகமாகத் தலையாட்டினார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. "நல்ல யோசனைதானேக்கா, விடுங்களேன்" என்று தடுப்புக்கு மேல் எட்டிச் சொன்னேன்.

"நீங்க போட்டோ எடுங்க."

பிறகு கைபேசியைப் பார்த்துச் சொன்னார்: "பொய் சொல்லி உள்ள அனுப்பறது உங்க இஷ்டம் சார். ஆனா உள்ள போறவங்க காதுல கடைசியா விழறது அதுதான். ஒருவேளை..." அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அக்கா ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டு அன்றுதான் பார்த்தேன்.

பாலிஷ்காரர் தலையைக் குனிந்தபடியே பேசினார். "நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்கக்கா. நான் சொன்னா அழுதுடுவேன். நான் அழுதா அவங்க உள்ள போக மாட்டாங்க."

"நானா?"

"நீங்கதான் நேரத்தைச் சரியாச் சொல்றீங்க."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கைபேசியைக் கைமாற்றினார். வறண்ட, கோபமான ஒரு குரல் வந்தது. "யாரு?"

"அம்மா, நான் டிக்கெட் போடறவ பேசறேன். உங்க சின்னப் பையன் எதிர்லதான் உக்காந்திருக்கார்."

"நாளைக்கு மத்தியானம் வந்துடறான்ல?"

"இல்லம்மா. வியாழக்கிழமை காலைல பத்து நாப்பது."

"பெரியவன் நாளைக்குன்னானே."

"அவர் பார்த்த கணக்கு தப்பு. அப்படி ஒரு ஃப்ளைட் இல்ல."

"அப்ப நானும் வியாழக்கிழமையே உள்ள போய்க்கறேன்."

"அது வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாராம். நீங்க நாளைக்குக் காலைல போங்க. இவருக்காகக் காத்திருந்து பிரயோஜனமே இல்ல. தலைகீழா நின்னாலும் பத்து நாப்பதுக்கு முன்னால வர வழி கிடையாது. நான் எல்லா வழியும் பார்த்துட்டேன்."

"நான் முழிக்கறப்ப இருப்பானா?"

முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார்: சொல்லும்மா, இருப்பான்னு சொல்லு! நான் போட்டோவுக்காக முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆளை மறந்துவிட்டு அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க எப்ப முழிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. அவர் எப்ப வருவார்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

முதலாளி உட்கார்ந்து நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு அக்காவைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு 'இருப்பார்'. அதற்கு என்ன கேடு?

ஆனால் மறுமுனையில் குரல் மாறியிருந்தது.

"காலைலேருந்து எட்டுப் பேர் சொல்லிட்டாங்க. ஒருத்தன் நாளைக்குங்கறான். ஒருத்தி கெளம்பிட்டாருங்கறா. நர்ஸு 'இதோ வந்துடுவார்'ங்கறா. எனக்குத் தெரியாதா, எல்லாம் என்னை உள்ள தள்றதுக்குன்னு? அவன் வரவே மாட்டானோன்னுதான் நான் பிடிவாதம் பிடிச்சேன். நீ பத்து நாப்பதுன்னியே. அது என்ன கணக்கு?"

அக்கா தாளைக் கையில் எடுத்து முதலிலிருந்து படித்தார். எங்கே ஏறுவது, எவ்வளவு பறப்பது, எங்கே இறங்குவது. அம்மா ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டார்.

"அந்த ஏழு நாப்பது எங்க உக்காருவான்?"

"உள்ளயே நாற்காலி இருக்கும்மா."

"படுக்க முடியுமா?"

"எல்லா நாற்காலிக்கும் கைப்பிடி வச்சிருப்பாங்க. அஞ்சாவது வாசல் பக்கத்துல மட்டும் கைப்பிடி இல்லாத வரிசை ஒண்ணு உண்டு. அங்க படுக்கலாம்."

"சாப்பாடு?"

"முதல் ஃப்ளைட்ல நல்லா இருக்காது. ரெண்டாவதுல பரவாயில்ல."

"தனியாப் போவானே, வழி தெரியுமா அவனுக்கு?"

"எழுதித் தர்றேன். எந்தப் பக்கம் திரும்பணும்னுகூட எழுதித் தர்றேன்."

இப்படியே அந்தம்மா மகனோடு சேர்ந்து ஒவ்வொரு ஊராக ஏறி இறங்கி, கடைசி ரோடு வரைக்கும் வந்துவிட்டார். பிறகு கேட்டார்: "நீ எவ்வளவு தூரத்துலேருந்து பேசறே?"

"பதிமூணாயிரத்து நூத்தி ஆறு கிலோமீட்டர். அந்த ஒரு நம்பரை மட்டும் அவங்க சரியாப் போட்டிருக்காங்க."

"அங்கேருந்தா என்னை இந்த அதட்டு அதட்டறே?" என்றார் அம்மா. சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. "பெரியவனே, டாக்டரை வரச் சொல்லு. காலைலயே போறேன். டேய் சின்னவனே, கேக்குதா? அந்தக் கைப்பிடி இல்லாத நாற்காலியில போய்ப் படு."

பாலிஷ்காரர் "சரிம்மா" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அழைப்பு முடிந்ததும் வரிசையில் நின்ற ஒருவர் குரலை உயர்த்தினார். "அரை மணி நேரமா நிக்கறோம், யாரும் கவனிக்கறதா இல்லியே!"

"இருபத்திரண்டு நிமிஷம்" என்றார் அக்கா.

புதன்கிழமை காலையில் அக்கா வந்ததும் நான் ஆவலாக எழுந்து நின்றேன். "என்னக்கா ஆச்சு?"

"முதல் ஃப்ளைட் ஒன்பது நிமிஷம் லேட்டு."

"ஆபரேஷன்?"

"அது முடிஞ்சுது. அவர் நடுவுல உக்காந்திருக்கறப்ப சேதி வந்துதாம். தீவிர சிகிச்சைப் பிரிவுல வச்சிருக்காங்க. இன்னும் கண்ணு முழிக்கல." இதைச் சொல்லிவிட்டுக் கணினித் திரையில் இரண்டாவது விமானத்தைத் திறந்து வைத்தார். அது பத்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். பத்து ஐம்பதுக்கும் கிளம்பவில்லை. பதினொன்றுக்கும் கிளம்பவில்லை. அந்த முக்கால் மணி நேரமும் எங்கள் யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதலாளி பேனாவைத் தட்டுவதாகச் சண்டை, என் விளக்கு கண்ணைக் கூசுவதாகச் சண்டை. டீ வாங்கி நீட்டினேன், வேண்டாம் என்றார். பதினொன்று முப்பத்திரண்டுக்கு அது தரையை விட்டது. "நாப்பத்தேழு நிமிஷம் போச்சு. அடுத்ததைப் பிடிக்க மூணு மணி மூணு நிமிஷம் இருக்கு. போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறிப்போன அந்த டீயை எடுத்துக் குடித்தார்.

வியாழக்கிழமை இன்னும் மோசம். படியேறும்போதே முகம் கடுகடுவென்றிருந்தது.

"பத்து அம்பத்திரண்டு" என்றார் என்னைப் பார்த்து.

"என்னது?"

"பத்து நாப்பதுன்னு சொன்னேன்ல? பத்து அம்பத்திரண்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கார். ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்களாம்."

"பன்னெண்டு நிமிஷந்தானேக்கா. சேர்ந்துட்டார்ல?"

"அது போகட்டும். உள்ள விடல. அந்தப் பிரிவுல பார்வை நேரம் சாயங்காலம் நாலு மணியாம். அஞ்சு மணி எட்டு நிமிஷம் அந்த மனுஷன் வாசல்ல நின்னிருக்கார். இருபத்தேழு மணி நேரத்தைக் கணக்குப் பண்ணினேன், இதைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்."

"பரவாயில்ல, விடுங்கக்கா."

"எது பரவாயில்ல? நீங்களா நின்னீங்க?"

நான் என் விளக்குகளைச் சரிசெய்யப் போய்விட்டேன். நாலு மணிக்குப் பார்த்தாரா, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க முதலாளிதான் துணிந்தார். பார்த்தாராம். அம்மா கண் விழித்திருந்தாராம். தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்களாம். "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்று கேட்டாராம். இதையெல்லாம் அக்கா குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோலச் சொன்னார்.

ஒன்பது ஐம்பதுக்கு முதல் வாடிக்கையாளர் வந்தார். கைப்பையும் டையுமாக, அவசரக்காரர். ஜன்னலோர இருக்கை கேட்டும் நடு இருக்கை கொடுத்துவிட்டார்கள் என்று வரும்போதே ஆரம்பித்தார். அக்கா அவருடைய பயணச்சீட்டை வாங்கித் திரையில் தட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒளிர்ந்தது. பாலிஷ்காரர். எழுத்தில் ஒரு வரி. அக்கா அதை முணுமுணுப்பாக வாசித்தது எனக்குக் கேட்டது. "அம்மா உங்களுக்குத்தான் பேசினாங்க. நர்ஸு பேசக்கூடாதுன்னு சொல்லியும் கேக்கல." கீழே ஐம்பது நொடிக் குரல் பதிவு ஒன்று.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணை மூடி, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மேடம், என் சீட்டு..." என்று அவசரக்காரர் ஆரம்பித்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அராவும் சத்தம்தான் கேட்டது. பதிவு முடிந்தது என்பது அக்கா கண்ணைத் திறந்ததில் தெரிந்தது. அவசரக்காரர் மறுபடி வாயைத் திறந்தார். அக்கா கட்டைவிரலால் அதையே இன்னொரு முறை ஓடவிட்டார். தூக்கிய கையை அவர் இறக்கவே இல்லை.